பூச்சு கடைசியில்: கொழும்பில் ஒரு வகுப்பறையைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி திருத்தும் முழுமையான வழிகாட்டி

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதலில் வந்து இறங்குவது சுவருக்கு நிறம் அடிக்கும் பூச்சு வாளி. அடுத்து யாராவது ஒரு பழைய மாணவர் குளிரூட்டி வாங்கித் தர முன்வருவார். இரண்டும் நல்ல மனத்தோடு செய்யப்படுபவைதான். ஆனால் அந்த வரிசையில் செய்தால் பணம் முடிந்த பிறகும் பிள்ளை தலைவலியோடுதான் வீடு திரும்பும்.

பெற்றோர் பிரதிநிதியாக இருந்து நான்கு வகுப்பறைக் கட்டடங்களின் திருத்த வேலைகளைக் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். முதற் கட்டடத்தில் பூச்சை முதலில் அடித்தோம். இரண்டு மாதம் கழித்து மின்கம்பி பதிக்க அதே சுவரை வெட்டினோம். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் இங்கே வேலைகளை விட அவற்றின் வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, இரண்டு வெப்பமானிகள், ஒரு நூற்கண்டு, ஒரு பயிற்சிப் புத்தகம். இவற்றோடு கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்றையும் எப்படியாவது தேடிக்கொள்ளுங்கள். வாங்க முடியாவிட்டால் ஒரு வாரத்துக்கு இரவல் கிடைத்தாலும் போதும். சத்தத்தையும் வெளிச்சத்தையும் கைத்தொலைபேசிச் செயலியால் அளக்கலாம். அது துல்லியமாக இராது. ஆனால் ஒரே தொலைபேசியால் இரண்டு அறைகளை அளந்து ஒப்பிட அது போதுமானது.

அனுமதியையும் இப்போதே கேளுங்கள். அரசப் பாடசாலையில் சுவரை உடைப்பதும் கூரையை மாற்றுவதும் அதிபர் தனியாக முடிவுசெய்யக்கூடிய காரியங்கள் அல்ல. மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்வி அலுவலகம், தேசியப் பாடசாலை என்றால் அமைச்சு வரை கடிதம் போக வேண்டியிருக்கும். பதில் வரும்வரை அளக்கும் வேலையைச் செய்யலாம். அளவுகளை இணைத்து எழுதிய கடிதத்துக்குக் கிடைக்கும் கவனமும் வேறு.

1. ஒரு நாள் முழுவதும் பிள்ளையின் கதிரையில் இருங்கள்

ஆசிரியர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எல்லா வகுப்பறையும் நன்றாகத்தான் தெரியும். கடைசி வரிசையின் சுவரோரக் கதிரையில் காலை ஏழரை மணிக்கு உட்கார்ந்து, பாடசாலை விடும்வரை எழுந்து போகாமல் இருந்து பாருங்கள்.

தரம் 3 வகுப்பொன்றில் அப்படி உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த சிறுமி தன் கொப்பியை மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனாள். பக்கத்துப் பிள்ளை முழங்கையால் திருப்பித் தள்ளியது. மீண்டும் நகர்த்தினாள். மேலே பார்த்தேன். குழல்விளக்குக்கு நேர் கீழே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. இறக்கைகளின் நிழல் அவளுடைய கொப்பியில் விட்டு விட்டு வெட்டியது. அவள் அந்த வெட்டும் நிழலிலிருந்து தப்பிக்கப் பார்த்திருக்கிறாள். ஆசிரியையின் குறிப்பில் அவள் "அமைதியற்ற பிள்ளை". அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று மார்ச் அல்லது ஏப்ரலில் நல்ல வெயில் நாள். மற்றது அடைமழை நாள். பலர் வெயில் நாளை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏன் மழை நாளும் வேண்டும் என்பது மூன்றாம் படியில் தெரியும். காலை 8, 10.30, 12.30 ஆகிய மூன்று நேரங்களில் உள்வெப்பம், வெளிவெப்பம், கரியமில வாயு, சத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. மலசலகூடத்தையும் தண்ணீரையும் முதலில் சரிசெய்யுங்கள்

வகுப்பறையைத் திருத்த வந்தவர்களை மலசலகூடத்துக்கு அனுப்புகிறேனே என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மலசலகூடம் அசுத்தமாக இருந்தால், அல்லது உள்தாழ்ப்பாள் இல்லாவிட்டால், பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். கொழும்பின் ஈரவெக்கையில் ஆறு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காத பிள்ளைக்குத் தலைவலியும் சோர்வும் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். அதை நாம் வகுப்பறை வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அதன் பிறகு எடுக்கும் முடிவுகளும் பிழைத்துப்போகும்.

கண்டுபிடிப்பது எளிது. பாடசாலை விடும் நேரத்தில் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் வெப்பத்தைப் பற்றிப் பேசும் முன் மலசலகூடத்தைப் போய்ப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி 25 பெண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடமும், 50 ஆண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடமும் ஒரு சிறுநீர் கழிக்கும் இடமும் இருக்க வேண்டும். நெரிசலான கொழும்புப் பாடசாலைகளில் இந்த எண்ணிக்கையை உடனே எட்டுவது கடினம். ஆனால் உள்தாழ்ப்பாள், ஒழுகாத குழாய், சவர்க்காரம், மூடியுள்ள குப்பை வாளி, வெளிச்சம் ஆகிய ஐந்தையும் ஒரு வாரத்தில் செய்துவிடலாம். வளர்ந்த பெண்பிள்ளைகள் மாதவிடாய் நாட்களில் பாடசாலைக்கு வருவதும் வராததும் பல நேரங்களில் அந்தத் தாழ்ப்பாளிலும் வாளியிலும்தான் தங்கியிருக்கிறது.

வழக்கமான பிழை, புதிய மலசலகூடத்தைக் கட்டிவிட்டு அதைப் பூட்டிவைப்பது. சுத்தம் செய்பவருக்கான மாதச் செலவை ஒதுக்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

3. காற்று: யன்னலை எண்ணாதீர்கள், திறப்பை அளவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. அறைக்குள் அது 1000-ஐத் தாண்டினால் பிள்ளைகள் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் மீண்டும் மீண்டும் சுவாசிக்கிறார்கள் என்று பொருள். தூக்கக் கலக்கம் வரும், கவனம் சிதறும், ஒருவரின் சளி எல்லோருக்கும் பரவும். 20 அடிக்கு 25 அடி அறையில் 40 பிள்ளைகளை வைத்துக் கதவையும் யன்னலையும் முழுக்க மூடினால் பத்துப் பதினைந்து நிமிடங்களில் அந்த எல்லையைக் கடந்துவிடும். ஒரு பாடவேளை முடியவே இல்லை.

நம் பழைய பாடசாலைக் கட்டடங்களில் அரைச்சுவரும் அதற்கு மேல் திறந்த கம்பி வலையும் இருந்தன. அழகில்லை, புழுதி வரும் என்று சொல்லி அதை அடைத்து அலுமினியச் சட்டத்தில் நகரும் கண்ணாடி யன்னல் போடுகிறார்கள். நகரும் யன்னலை முழுதாகத் திறந்தாலும் பாதி இடம்தான் திறக்கும். மற்றப் பாதியைக் கண்ணாடி எப்போதும் மூடியே வைத்திருக்கும். அரைச்சுவர் இருந்தால் அதைத் தயவுசெய்து அடைக்காதீர்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால் வெளிப்பக்கம் முழுதாகத் திறக்கும் கதவு யன்னலாக மாற்றுங்கள்.

காற்று நுழைய ஒரு வழி போதாது, வெளியேறவும் வழி வேண்டும். ஒவ்வொரு யன்னலிலும் விறாந்தைப் பக்கத்துத் திறப்பிலும் ஒரு முழ நீள நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். எந்த நூல் உள்நோக்கி ஆடுகிறது, எது வெளிநோக்கி, எது அசையவே இல்லை என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஆசையோடு செய்வார்கள். அசையாத நூலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அலுமாரி, ஓர் அறிவித்தல் பலகை அல்லது உடைந்த தளபாடக் குவியல் இருக்கும். அதை நகர்த்துவதற்குச் செலவே இல்லை.

இப்போது மழை நாளுக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சாரல் உள்ளே அடித்ததும் யன்னல்களை மூடிவிடுகிறார்கள். வெயில் நாளில் 700 காட்டிய அதே அறை மழை நாளில் 2000-ஐத் தாண்டியதை நான் பார்த்திருக்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை எத்தனை நாட்கள் அப்படிப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே யன்னலுக்கு மேலே மழைத்தட்டு போட வேண்டும். மழையிலும் யன்னல் திறந்திருக்கும் அளவுக்கு அது வெளியே நீண்டிருக்க வேண்டும். மூன்றடியாவது தேவைப்படும். ஓரடி நீட்டிவிட்டு மழைத்தட்டு போட்டாயிற்று என்று சொல்வதில் பயனில்லை.

குளிரூட்டி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவரில் பொருத்தும் சாதாரணக் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றைக் குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. அதற்காக யன்னல்களை மூடுவதால் காற்று இன்னும் கெடும். அறை குளிர்ச்சியாக இருக்கும், பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். குளிரூட்டி தவிர்க்க முடியாத கணினி அறையில் வெளிக்காற்றை இழுக்கும் விசிறி ஒன்றையும் கூடவே பொருத்துங்கள். மின்கட்டணத்தை மாதாமாதம் யார் கட்டுவார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

4. வெப்பம்: கூரை, பிறகு கிழக்குச் சுவர், அதன் பிறகு விசிறி

காற்றுக்குப் பிறகே வெப்பம். காற்றோட்டம் சரியானதும் பல அறைகளில் வெப்பத்தின் பாதித் தொல்லை தானாகத் தீர்ந்துவிடும். ஆனால் மிச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் பரீட்சைப் புள்ளிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, வெப்பமான ஆண்டுகளில் குளிரூட்டி இல்லாத பாடசாலைப் பிள்ளைகள் குறைவாகவே கற்றிருந்தார்கள் என்று கண்டது.

மேல்மாடி வகுப்பு என்றால் கூரையிலிருந்து தொடங்குங்கள். பதினொரு மணிக்கு மேல் தகரமோ அஸ்பெஸ்டஸ் தகடோ சூடேறி, அந்தச் சூட்டை நேராகப் பிள்ளைகளின் தலையில் கொட்டுகிறது. கூரைக்குக் கீழே உட்கூரை அடித்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியின் இரு முனைகளிலும் காற்று போய்வர வழி விடுங்கள். அந்த வழிகளில் வலை அடியுங்கள், இல்லாவிட்டால் புறாக்கள் குடியேறிவிடும். காற்று வழி விடாத உட்கூரை சூட்டை அடைத்துவைக்கும் பெட்டியாகிவிடும். இந்தப் பிழையை மிகப் பல இடங்களில் பார்க்கிறேன்.

அஸ்பெஸ்டஸ் கூரையில் கவனம் தேவை. அதைத் துளைக்கவோ அறுக்கவோ சுரண்டவோ உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவோ கூடாது. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குள் போய் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. உட்கூரைச் சட்டத்தைத் தகட்டில் தொங்கவிடாமல் சுவரிலும் மரத்திலும் பிடிக்கச் சொல்லுங்கள். உடைந்த தகட்டை மாற்றும் வேலையை விடுமுறையில், பிள்ளைகள் யாரும் இல்லாதபோது, முறை தெரிந்தவர்களைக் கொண்டு செய்விக்க வேண்டும்.

அடுத்தது சுவர். மேற்கு வெயில்தான் கொடியது என்று வீட்டனுபவத்தில் எல்லோரும் சொல்வார்கள். பாடசாலையோ காலையில் தொடங்கி மதியம் ஒன்றரை மணியளவில் முடிந்துவிடுகிறது. ஆகவே பாட நேரத்தில் தொல்லை தருவது கிழக்குச் சுவர். நிழல் மரத்துக்கும் மூங்கில் தட்டிக்கும் பணம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் கிழக்குப் பக்கத்துக்குக் கொடுங்கள். மாலை வகுப்புகள் நடக்கும் அறைகளுக்கு மட்டும் இது மாறும்.

வடக்கு யன்னலில் வெயில் விழாது என்பது குளிர்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்த நம்பிக்கை. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியில் நம் தலைக்கு மேல் வரும் சூரியன் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகலில் வடக்கே நிற்கும். வடக்கு யன்னலுக்கும் மழைத்தட்டு வேண்டும்.

விசிறி கடைசியில். விசிறி காற்றின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடலுக்கு இரண்டு மூன்று பாகை குறைந்தது போன்ற சுகத்தைத் தருகிறது. கூரையைக் கவனிக்காமல் விசிறி போட்டால் கூரையடியில் தேங்கிய சூட்டைத்தான் அது கீழே தள்ளும்.

5. சத்தம்: யன்னலை மூடித் தீர்க்காதீர்கள்

காலி வீதி ஓரத்திலோ பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை கடலோர ரயில் பாதையின் அருகிலோ இருக்கும் பாடசாலைகளுக்கு இது பெரிய படி. ரயில் கடக்கும்போது ஆசிரியர் பேச்சை நிறுத்துகிறார், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், விட்ட இடத்தை மீண்டும் தேடுகிறார்கள். ஒரு நாளில் இப்படி எத்தனை தடவை நடக்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள்.

நியூயோர்க் நகரில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு பாடசாலையை 1970களில் ஆர்லின் புரொன்சாஃப்ட் ஆராய்ந்தார். ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளை விட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு இறப்பர் பட்டையும் வகுப்புகளுக்குச் சத்தத்தை உறிஞ்சும் உட்கூரையும் போட்ட பிறகு அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பிள்ளைகளின் திறமையில் குறை இருக்கவில்லை.

முதலில் அறைகளை மாற்றிப் பாருங்கள். வாசிக்கப் பழகும் தரம் 1, 2 பிள்ளைகளைச் சத்தம் குறைந்த பக்கத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். களஞ்சியம், சித்திர அறை, நடன அறை போன்றவற்றை வீதிப் பக்கம் வையுங்கள். இதற்குச் செலவு ஒரு சனிக்கிழமை மட்டும்.

உள்ளிருந்து வரும் சத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே தட்டி மட்டும் இருந்தால் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு இங்கே கேட்கும். அந்த இடைத்தடுப்பை உட்கூரை வரை உயர்த்தலாம். காற்று விறாந்தைக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையில்தான் ஓடுகிறது என்பதால் காற்றோட்டம் கெடாது. பிறகு கதிரைக் கால்கள். சீமெந்துத் தரையில் நாற்பது கதிரைகள் உராயும் சத்தம் காதைக் கிழிக்கும். கால்களுக்கு இறப்பர் உறை போடுங்கள், பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினாலும் ஆகும். உலக சுகாதார நிறுவனம் வகுப்பறைப் பின்னணிச் சத்தத்துக்கு வைத்த எல்லை 35 டெசிபெல். கொழும்பில் அதை எட்டுவது அரிது. ஆனால் உங்கள் முதல் அளவை விடக் குறைந்தால் அது பிள்ளைக்குக் கேட்கும்.

6. வெளிச்சம்

கரும்பலகையில் ஆசிரியர் வழக்கமாக எழுதும் அளவில் ஒரு வரி எழுதுங்கள். நான்கு மூலைகளிலும் உட்கார்ந்து வாசியுங்கள். எந்த மூலையிலிருந்தாவது பலகை பளபளத்து எழுத்து மறைந்தால் பலகையை நகர்த்துங்கள் அல்லது அந்த யன்னலுக்கு மட்டும் திரை போடுங்கள். வெளிச்சம் போதவில்லை என்று விளக்குகளைக் கூட்டுவது அதற்குப் பிறகுதான். கொப்பியின் மேல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு, செயலி காட்டும்) கிடைத்தால் நல்லது.

விளக்கை விசிறி இறக்கைகளுக்கு மேலே ஒருபோதும் பொருத்தாதீர்கள். இறக்கை சுழலும் வட்டத்துக்கு வெளியே, அல்லது அதை விடத் தாழ்வாகப் பொருத்துங்கள். மின்வேலை செய்பவருக்கு இதை வாயால் சொன்னால் போதாது. நிலத்தில் சோக்குக்கட்டியால் வட்டம் வரைந்து காட்டுங்கள். அந்தச் சிறுமியின் வகுப்பில் இரண்டு விளக்குகளை இரண்டடி நகர்த்தினோம். அவள் கொப்பி நடுமேசைக்குத் திரும்பியது.

7. மேசையும் கதிரையும்

ஒரே தரத்தில் படிக்கும் பிள்ளைகளின் உயரம் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே அளவில் நாற்பது கதிரை வாங்கினால் பாதிப் பேருக்குப் பொருந்தாது. பாதம் முழுதாக நிலத்தில் பதிய வேண்டும், மேசை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். கால் எட்டாத பிள்ளை புத்தகப் பையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொள்ளும். அப்படிப் பையை மிதித்திருக்கும் பிள்ளைகளை எண்ணினாலே எத்தனை சிறிய கதிரை தேவை என்ற கணக்குக் கிடைத்துவிடும்.

பக்கத்துத் தரங்களோடு கதிரைகளை மாற்றிக்கொண்டு மூன்று அளவாகப் பிரியுங்கள். அளவுக்கு ஒரு நிறப்பொட்டை முதுகுப் பலகையில் வையுங்கள். மரக்கதிரை என்றால் தச்சுப் பாஸ் ஒருவர் அரை நாளில் கால்களைக் குறைத்துத் தருவார். தவணைக்கு ஒரு முறை மீண்டும் பாருங்கள், பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்.

8. முற்றமும் நுளம்பும்

சீனாவின் குவாங்சோ நகரில் முதலாந்தரப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் செயற்பாடு கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். கிட்டப்பார்வை வந்த பிள்ளைகள் 30 சதவீதம். கூடுதல் நேரம் கிடைக்காத பாடசாலைகளில் ஏறத்தாழ 40 சதவீதம். முற்றம் வெறும் சீமெந்தாகக் கொதித்தால் பிள்ளைகள் வெளியே போகமாட்டார்கள். வாகனத் தரிப்பிடமாக மாறிய மூலையை மீட்டு வேம்பு வையுங்கள்.

நுளம்பை இங்கே சேர்த்ததற்குக் காரணம், நாம் போட்ட மழைத்தட்டும் அதன் நீரை வடிக்கும் பீலியும்தான் புதிய ஆபத்து. டெங்கு நுளம்பு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாட்களில் பறக்கத் தொடங்கிவிடும். பகலில் கடிப்பதால் பாடசாலை நேரம் அதற்குப் பொருத்தமான நேரம். மழைத்தட்டைச் சாய்வாக அமையுங்கள். பீலி இல்லாமல் சமாளிக்க முடிந்தால் இன்னும் நல்லது. வாரம் ஒரு நாள், ஆள் பெயர் குறித்து, கூரையையும் வடிகாலையும் பார்க்கச் செய்யுங்கள். விடுமுறை முடிந்து பாடசாலை திறப்பதற்கு முதல்நாள் கட்டாயம் பாருங்கள். யன்னலுக்கு நுளம்பு வலை அடித்தால் காற்று வெகுவாகக் குறையும். அடித்தே ஆக வேண்டும் என்றால் திறப்பைப் பெரிதாக்குங்கள்.

9. இப்போது பூச்சு

சுவர் வெட்டும் வேலை இனி இல்லை. பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள், விடுமுறையில் செய்யுங்கள். இங்கிலாந்தில் 27 பாடசாலைகளின் 153 வகுப்பறைகளைப் பீட்டர் பாரெட் குழுவினர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் ஓராண்டு முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டின் 16 சதவீதத்தை வகுப்பறையின் அமைப்பு விளக்கியது. அதில் பாதிப் பங்கு வெளிச்சம், வெப்பம், காற்று ஆகியவற்றுடையது. சுவரைப் பொறுத்தவரை, வெறுமையான சுவரும் உதவவில்லை, படங்களால் நிரம்பி வழியும் சுவரும் உதவவில்லை. வெளிர் நிறத்தில் பூசி, சுவரில் கால்பங்குக்கு மேல் வெறுமையாக விடுங்கள். மிச்சத்தில் பிள்ளைகள் தாங்களே செய்தவற்றை ஒட்டட்டும். கார்ட்டூன் உருவங்கள் வரைவதற்கு ஓவியரை அழைக்கும் பணத்தில் இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் நாற்பது கதிரைகளுக்கும் இறப்பர் உறை வாங்கிவிடலாம்.

10. மீண்டும் அதே கதிரையில்

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அதே கடைசிக் கதிரையில், அதே மூன்று நேரங்களில் அளவெடுங்கள். மழை நாளை விட்டுவிடாதீர்கள். முதல் தாளையும் இந்தத் தாளையும் பக்கம் பக்கமாக அதிபரிடம் கொடுங்கள். அடுத்த வகுப்பறைக்குப் பணம் கேட்க அதைவிட நல்ல கடிதம் இல்லை.

வகுப்பில் கரும்பலகை துடைப்பவரின் பெயர் எழுதுவது போல, யன்னல் திறப்பவரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். காலையில் முதலாவதாக வரும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கொளுக்கி இருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது கட்டடத்தில் அது எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு தவணை முழுவதும் புது யன்னல்கள் மூடியே கிடந்தன. பிறகு கொளுக்கிகளைக் கழற்றி ஓரடி கீழே இறக்கினோம்.